நஞ்சு நீக்கும் பூஞ்சைகள்: ஐ.என்.ஏ. மார்க்கெட்டையும் குஷக் ஓடையையும் முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தெற்குத் தில்லியில் ஸ்ரீ அரவிந்தர் சாலையை ஒட்டி, தில்லி ஹாட்டுக்கு எதிரே ஐ.என்.ஏ. மார்க்கெட் இருக்கிறது. தலைநகரில் குடியேறிய தமிழர்களும் மலையாளிகளும் மீனுக்கும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் தேடிவரும் சந்தை அது. தூதரகக் குடும்பங்களும் ஓட்டல்காரர்களும் அங்கே வாங்கிச் செல்லும் பொருள்களில் காளான் முக்கியமானது. மொட்டுக்காளான், சிப்பிக்காளான், ஷிடாகே எனப் பல வகைகள் அங்கே கிடைக்கின்றன.

அந்தச் சந்தையின் அருகிலேயே குஷக் ஓடை செல்கிறது. 1994-இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட், ஓடையை மூடிக் கிடைத்த நிலத்தில் அமைந்தது. வீட்டுக் கழிவையும் சாலைக் கழிவையும் சுமந்துகொண்டு பாராபுல்லா கால்வாய் வழியாக யமுனையில் சேரும் ஓடை இது.

காளானும் சாக்கடையும் இப்படி அடுத்தடுத்து இருந்தும் இரண்டையும் சேர்த்து நாம் யோசித்ததில்லை. மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளால் பூச்சிக்கொல்லி, சாயம், கச்சா எண்ணெய்க் கழிவு போன்றவற்றைச் சிதைக்க முடியும் என்பது நாற்பது ஆண்டுகளாக அறிவியல் அறிந்த செய்தி. இதற்கு நிலத்தில் எந்த அளவு பலன் உண்டு? இந்தியாவில் என்ன செய்திருக்கிறார்கள்? ஐ.என்.ஏ. மார்க்கெட் போன்ற இடத்தில் என்ன செய்யலாம்? இம்மூன்று கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. காளான் பண்ணைகள் கழித்துப்போடும் பழைய படுக்கைகளை நஞ்சு நீக்கும் பணிக்குத் திருப்ப வேண்டும். அதன் வெற்றியை நீரின் நிறத்தை வைத்து மதிப்பிடாமல் நச்சுத்தன்மையை அளந்தே மதிப்பிட வேண்டும். இவையே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

1. களமும் மாசுகளின் வகைப்பாடும்

1.1 ஓடையின் போக்கு

குஷக் ஓடையும் சுனேரி ஓடையும் சேர்ந்து பாராபுல்லா கால்வாயாகி, சராய் காலே கான் பகுதியில் யமுனையை அடைகின்றன. ஐ.என்.ஏ.யிலிருந்து கிழக்கே செல்லும் பாராபுல்லா மேம்பாலச் சாலை இந்த நீர்வழியைப் பின்பற்றியே கட்டப்பட்டது. ஜஹாங்கீர் காலத்தில், ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன், இதே நீர்வழியின் குறுக்கே கட்டப்பட்ட கற்பாலம் இன்றும் நிஜாமுத்தீன் அருகே நிற்கிறது. ஆற்றின் கிளையாக இருந்த ஒரு நீர்வழி நம் காலத்தில் கழிவுநீர்க் கால்வாயாகிவிட்டது.

யமுனையின் மொத்த நீளத்தில் வஜீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டர் ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். ஆற்றில் சேரும் மாசில் பெரும்பங்கு இந்தத் துண்டில்தான் கலக்கிறது. அதை அங்கே கொண்டு சேர்ப்பவை நஜஃப்கர், பாராபுல்லா போன்ற கால்வாய்கள்.

1.2 மூன்று வகை மாசு

பூஞ்சையால் ஆவது எது, ஆகாதது எது என்று தெளிய, மாசுகளை மூன்றாகப் பிரிப்பது பயன்தரும்.

முதல் வகை, சிதைக்கத்தக்க கரிம நஞ்சுகள். பூச்சிக்கொல்லிகள், சாயங்கள், எண்ணெய்க் கழிவில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், மரப்பதப்பொருள்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் மூலக்கூறை உடைத்து, முழுமையாகச் சிதைந்தால் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்ற வழி உண்டு.

இரண்டாம் வகை, உலோகங்கள். குரோமியம், நிக்கல், காட்மியம், ஈயம் ஆகியவை தனிமங்கள் என்பதால் எந்த உயிரியாலும் இவற்றை அழிக்க முடியாது. ஓரிடத்தில் பிடித்து வைக்கலாம், அல்லது நச்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றலாம்.

மூன்றாம் வகை, கரைந்த உப்புகள். இவற்றின் மீது பூஞ்சைக்கு எந்தப் பிடியும் இல்லை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் சொந்தக் கழிவு பெரும்பாலும் காய்கறி, மீன், இறைச்சி ஆகியவற்றின் மிச்சம். அது தானாகவே மட்கக்கூடியது. ஆகவே சந்தையை நச்சுக் களம் என்று இக்கட்டுரை கருதவில்லை. மருந்தும் நோயும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற களமாகவே அதை எடுத்துக்கொள்கிறது.

2. பூஞ்சை நஞ்சைச் சிதைக்கும் விதம்

2.1 லிக்னினும் வெண்ணழுகல் பூஞ்சைகளும்

மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். ஒழுங்கான வரிசையில் அமையாமல் தாறுமாறாகப் பின்னிய பெரும் மூலக்கூறு என்பதால் பெரும்பாலான நுண்ணுயிரிகளால் இதை எளிதில் உடைக்க முடிவதில்லை. இதை முழுமையாகச் சிதைப்பதில் கைதேர்ந்தவை வெண்ணழுகல் பூஞ்சைகள். லிக்னின் போனபின் மரம் வெளுத்து நார்நாராகிவிடும். அதனால் இந்தப் பெயர். நாம் சமைத்துச் சாப்பிடும் சிப்பிக்காளானும் ஷிடாகேயும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

வெண்ணழுகல் பூஞ்சைகள் லிக்னின் பெராக்சிடேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ், லாக்கேஸ் போன்ற நொதிகளை உடலுக்கு வெளியே சுரக்கின்றன. பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல் பெரும்பாலான நொதிகள் ஒரே மூலக்கூறைத்தான் தேடும். இந்த நொதிகள் அப்படியல்ல. எலக்ட்ரானைப் பறித்து வினைத்திறன் மிக்க இடைப்பொருள்களை உருவாக்கி, அக்கம்பக்கத்து மூலக்கூறுகளை உடைக்கின்றன. உடைபடுவது லிக்னினா, லிக்னினைப் போலவே வளைய அமைப்புள்ள சாயமா, பூச்சிக்கொல்லியா என்ற பேதம் அவற்றுக்கு அதிகம் இல்லை. நஞ்சு நீக்கத்தில் இப்பூஞ்சைகள் பயன்படுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

2.2 பாக்டீரியாவிலிருந்து வேறுபடும் இடங்கள்

பாக்டீரியாவில் பெரும்பாலும் நஞ்சு உயிரணுவுக்குள் சென்ற பிறகுதான் வினை நடக்கும். நீரில் கரையாமல் மண்துகளோடு ஒட்டிக்கிடக்கும் நஞ்சு உள்ளே செல்வது கடினம். பூஞ்சை தன் நொதியை வெளியே அனுப்புவதால் அந்தத் தடை குறைகிறது. அதோடு பூஞ்சையின் இழைகள் மண்ணின் நுண்துளைகளுக்குள் நீண்டு செல்கின்றன. அந்த இழைகளின் ஈரப்பரப்பைப் பாதையாகக் கொண்டு பாக்டீரியாக்களும் மாசு இருக்கும் இடத்துக்கு நகர்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இவ்விரண்டையும் போட்டியாளர்களாகக் காண்பதைவிடக் கூட்டாளிகளாகக் காண்பதே சரி.

ஒரு குறையும் உண்டு. வெண்ணழுகல் பூஞ்சை நஞ்சையே உணவாகக் கொண்டு பெருகுவதில்லை. வைக்கோல், மரத்தூள் போன்ற உணவை உண்டு வளர்கையில், அதன் உடன்விளைவாகவே நஞ்சு சிதைகிறது. உணவு தீர்ந்தால் வேலையும் நின்றுவிடும். ஆகவே பூஞ்சையை அதன் உணவோடு சேர்த்தே களத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2.3 சாயங்களில் ஒரு சிறப்பு

துணிச் சாயங்களில் பெரும்பங்கு அசோ வகை. காற்றில்லாத நிலையில் பாக்டீரியா இவற்றை உடைக்கும்போது நிறம் போய்விடும். அரோமாட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. லாக்கேஸ் நொதி சில அசோ சாயங்களை உடைக்கும் வழி வேறு. அங்கே இரு நைட்ரஜன் அணுக்கள் நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகின்றன; அமீன் உருவாவது தவிர்க்கப்படுகிறது. தெளிந்து தெரியும் நீர் நஞ்சு நீங்கிய நீராக இருக்கவேண்டியதில்லை என்பதை இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

3. ஆய்வகத்திலிருந்து நிலத்துக்கு: உலக அனுபவம்

3.1 தொடக்கம்

ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் லிக்னினைச் சிதைக்கும் நொதி 1983-இல் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1985-இல், பம்பஸ், ஆஸ்ட் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டி.டி.டி., லிண்டேன், பென்சோபைரீன், ஒரு பி.சி.பி. சேர்மம், டயாக்சின் ஆகிய ஐந்தையும் அதே பூஞ்சை ஆக்சிஜனேற்றம் செய்து கரியமில வாயு வரை கொண்டுசெல்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். எளிதில் அழியாதவை என்று பெயர்பெற்ற நஞ்சுகள் இவை. இத்துறையின் அடித்தளம் அந்தக் கட்டுரைதான்.

இந்தியருக்கு இந்தப் பட்டியல் அந்நியமானதல்ல. மலேரியா ஒழிப்புக்காக டி.டி.டி. தயாரிக்க 1954-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் தன் முதல் ஆலையைத் தில்லியில்தான் அமைத்தது. லிண்டேன் தயாரிப்பின்போது மிஞ்சிய எச்.சி.எச். கழிவு லக்னோவை அடுத்த நிலங்களில் கொட்டப்பட்டுக் கிடந்ததைத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழு ஆராய்ந்தது. அக்கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையும் அக்குழு அடையாளம் கண்டது.

3.2 களச் சோதனைகளும் அவற்றின் பாடமும்

1990-இல் லமார், டீட்ரிக் இருவரும் வெளியிட்ட களச் சோதனை முக்கியமானது. விஸ்கான்சின் மாநிலத்தில் மரப்பதப்பொருளான பென்டாகுளோரோபீனால் கலந்த மண்ணில் ஃபேனரோகீட் இனப் பூஞ்சைகளைச் சேர்த்தார்கள். ஆறரை வாரத்தில் அந்த நஞ்சின் அளவு 88 முதல் 91 விழுக்காடு குறைந்தது. ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி கரியமில வாயுவாகிவிடவில்லை. மண்ணோடு பிணைந்து, கரைப்பானால் பிரித்தெடுக்க முடியாத வடிவத்துக்கு மாறியிருந்தது. இதை அந்த ஆய்வாளர்களே மறைக்காமல் எழுதினார்கள். நஞ்சு நகராமல் பிணைந்து கிடப்பது ஒரு நன்மை. அது அழிந்துவிட்டது என்று சொல்வது வேறு.

1998-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில், டீசல் ஊறிய மண்குவியலில் பால் ஸ்டாமெட்ஸ் சிப்பிக்காளான் வளர்த்த சோதனை உலகப் புகழ் பெற்றது. மற்ற குவியல்கள் கறுத்தே கிடக்க, பூஞ்சை சேர்த்த குவியலில் காளான் முளைத்தது. பூச்சிகளும் செடிகளும் பின்தொடர்ந்தன. பொதுமக்களின் கவனத்தை இத்துறையின் மேல் திருப்பியதில் அவர் பங்கு பெரிது. ஆயினும் ஒரே ஒரு குவியலின் காட்சியிலிருந்து பொதுவிதி வகுக்க முடியாது.

4. இந்திய ஆய்வுகள்

4.1 தில்லி

ஐ.என்.ஏ.யிலிருந்து அரவிந்தர் சாலை வழியே தெற்கே சென்றால் ஹௌஸ் காஸில் ஐ.ஐ.டி. தில்லி. அங்குள்ள ஊரக வளர்ச்சி, தொழில்நுட்ப மையத்தில் அனுஸ்ரீ மாலிக் குழு, பூஞ்சைகளைக் கொண்டு சாயத்தையும் உலோகத்தையும் நீக்கும் ஆய்வைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. பூஞ்சைவழிச் சாயநீக்கம் குறித்து 2009-இல் அக்குழு வெளியிட்ட மீளாய்வு, துறையில் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது. மின்முலாம் பூசும் ஆலையின் கழிவுநீரிலிருந்து பல உலோகங்களை ஆஸ்பெர்ஜில்லஸ் லென்டுலஸ் என்ற பூஞ்சை ஒரே நேரத்தில் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது என்று 2012-இல் அக்குழு காட்டியது. உருண்டைகளாகத் திரண்டு வளரும் பூஞ்சையை நீரிலிருந்து வடித்தெடுப்பது எளிது என்பது இதன் நடைமுறைப் பலன்.

பாராபுல்லா கால்வாயின் கடைக்கோடியிலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2017-இல் இந்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையும் நெதர்லாந்தும் இணைந்து தொடங்கிய லோட்டஸ்-எச்.ஆர். திட்டம், இந்தக் கால்வாயின் நீரையே எடுத்துச் சுத்திகரிக்கும் முறைகளைக் களத்தில் சோதித்தது. பூஞ்சை அதன் மையம் அல்ல. ஆனால் ஓடையின் கரையிலேயே ஆய்வுக்கூடம் அமைக்க முடியும் என்பதை அது நிறுவியது.

4.2 சோலன்

இமாச்சலப் பிரதேசத்தின் சோலனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் காளான் ஆராய்ச்சி இயக்ககம் இருக்கிறது. கார்பன்டசிம், மாங்கோசெப் என்ற இரு பூசணக்கொல்லிகளை, அறுவடை முடிந்த மொட்டுக்காளான் படுக்கையும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் சிதைக்கின்றன என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். பூசணத்தைக் கொல்லத் தெளிக்கும் மருந்தைப் பூசணங்களும் சேர்ந்தே சிதைக்கின்றன என்பது முதலில் வியப்பளிக்கலாம். சிப்பிக்காளான் வளர்ப்போருக்கு வியப்பிராது. வைக்கோலைக் கார்பன்டசிமும் பார்மலினும் கலந்த நீரில் ஊறவைத்த பிறகே அவர்களில் பலர் காளான் விதை இடுகிறார்கள். அந்த அளவு மருந்தில் களைப்பூசணங்கள் மடிகின்றன, சிப்பிக்காளான் தாங்கிக்கொள்கிறது.

4.3 கோவா

கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தில் சந்திரலதா ரகுகுமார், மட்கிய கடற்புல் இலைகளிலிருந்து ஃபிளாவோடான் ஃபிளாவஸ் என்ற பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். லிக்னின் சிதைக்கும் அதன் நொதிகளைப் பற்றிய கட்டுரை 1999-இல் வெளிவந்தது. 2004-இல் அவரும் மோகன்தாஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் சாராய ஆலைகளின் கரும்பழுப்புக் கழிவுநீரை இப்பூஞ்சையால் தெளியவைத்தார்கள். அத்தோடு நிறுத்தாமல், நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கப்படும் மீனில் சோதித்து, நிறத்தோடு நச்சும் குறைந்ததைக் காட்டினார்கள். இக்கட்டுரை வலியுறுத்தும் அளவுகோலை இந்தியாவில் கடைப்பிடித்த முன்மாதிரி ஆய்வு இது.

5. எல்லைகள்

5.1 உலோகம் அழியாது. உலோகத்தைச் சேர்த்துக்கொண்ட பூஞ்சையே புதிய அபாயக் கழிவு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவைப் போன்ற மலைகளைப் பூஞ்சையிடம் ஒப்படைத்து நிம்மதி கொள்ள முடியாது. ஆறிணைதிறக் குரோமியத்தை நச்சு குறைந்த மூவிணைதிறமாக மாற்ற உதவலாம், அவ்வளவே.

5.2 உப்பு நீங்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச்சொன்னதற்குப் பின்னால் நொய்யல் கரை விவசாயிகளின் நீண்ட துயரம் இருந்தது. அந்தத் துயரத்தில் சாயத்துக்கு இருந்த பங்கு கரைந்த உப்புக்கும் இருந்தது. கடலில் பிறந்த பூஞ்சை உப்புநீரிலும் சாயத்தைச் சிதைக்கும். உப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

5.3 தட்பவெப்பம். சிப்பிக்காளான் வகைகள் பெரும்பாலும் மிதமான வெப்பத்தில் வளர்பவை. தில்லியில் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும், குளிரில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். திறந்த வெளியில் ஆண்டு முழுவதும் ஒரே பூஞ்சையை நம்ப முடியாது. சுமார் 40 பாகையிலும் செழிக்கும் ஃபேனரோகீட் போன்றவற்றைப் பருவத்துக்கேற்ப மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

5.4 உடல்நலம். ஆஸ்பெர்ஜில்லஸ் லென்டுலஸ், மனிதருக்கு நுரையீரல் நோய் தரும் பூஞ்சைகளின் நெருங்கிய உறவு. நோயாளிகளிடமிருந்தே முதலில் பிரித்தறியப்பட்டது. நகரின் நடுவே இத்தகைய பூஞ்சையை மூடிய கலனில் மட்டுமே கையாளலாம். திறந்த களத்துக்கு உண்ணும் காளான்கள் போன்ற, மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளே ஏற்றவை.

5.5 உணவும் சுத்திகரிப்பும் கலக்கக்கூடாது. காளான் தான் வளரும் இடத்திலுள்ள உலோகங்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். நச்சு நீக்கும் படுக்கையில் முளைத்த ஒரு காளான்கூடச் சந்தைக்கு வரக்கூடாது. இந்த விதியில் எந்தத் தளர்வும் இருக்கக்கூடாது.

6. ஐ.என்.ஏ. மார்க்கெட்டை மையமாகக் கொண்ட முன்மொழிவு

6.1 மூலப்பொருள்

ஒரு கிலோ காளான் விளைந்தால் ஏறத்தாழ ஐந்து கிலோ பழைய படுக்கை மிஞ்சும் என்பது பண்ணைகளில் புழங்கும் கணக்கு. தில்லியை அடுத்த ஹரியாணாவின் சோனிபத் வட்டாரத்தில் குளிர்காலம் முழுவதும் கூரைக் கொட்டகைகளில் மொட்டுக்காளான் விளைகிறது. அங்கே மலைபோல் மிஞ்சும் படுக்கைகளில் இன்னும் உயிருள்ள நுண்ணுயிர்களும் நொதிகளும் இருக்கின்றன. வைக்கோலில் வளரும் சிப்பிக்காளானின் பழைய படுக்கையில் லாக்கேஸும் மாங்கனீஸ் பெராக்சிடேஸும் கிடைக்கும். உணவும் பூஞ்சையும் சேர்ந்தே வரும் இந்தப் பொருளுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் வண்டிக்கூலிதான்.

6.2 மூன்று சோதனைகள்

ஒன்று: சந்தையின் காய்கறிக் கழிவைப் பழைய படுக்கையோடு சேர்த்து மட்கவைத்து, கார்பன்டசிம், மாங்கோசெப் எச்சங்கள் உரத்தில் மிஞ்சுகின்றனவா என்று அளத்தல். சோலன் ஆய்வைச் சந்தையின் அளவுக்கு விரிப்பது இது.

இரண்டு: குஷக் ஓடையில் தூர்வாரும் வண்டலில் எண்ணெய் கலந்த பகுதியைத் தனியே எடுத்து, அடியில் கசிவு தடுக்கும் விரிப்பிட்டு, சிப்பிக்காளான் படுக்கையோடு அடுக்கி வைத்தல். உலோகம் மிகுந்த வண்டலை இதில் சேர்க்கக்கூடாது.

மூன்று: சிறு சாயப்பட்டறைகளின் கழிவுநீரை, வைக்கோலில் படர்ந்த பூஞ்சை நிரப்பிய தொட்டிகளின் வழியே செலுத்துதல். ஐ.ஐ.டி.யின் அனுபவம் இதற்கு நேரடியாகப் பயன்படும்.

6.3 அளக்கும் முறை

ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு ஒப்பீடுகள் தேவை. ஒன்றில் எதையும் சேர்க்காத மண் அல்லது நீர். மற்றொன்றில் கொதிநீரில் அவித்து உயிர் நீக்கிய படுக்கை. இரண்டாவது இல்லாவிட்டால், நஞ்சைப் பூஞ்சை சிதைத்ததா, வைக்கோல் உறிஞ்சிக்கொண்டதா என்று சொல்ல முடியாது. மூல நஞ்சு, சிதைவில் தோன்றும் இடைப்பொருள்கள், மண்ணோடு பிணைந்த மிச்சம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். இறுதியில் விதை முளைப்பு, நீர்த்தெள்ளு, மீன் ஆகியவற்றில் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும். இந்தப் படிகளைக் கடக்காத எந்தச் சோதனையையும் வெற்றி என்று அறிவிக்கக்கூடாது.

6.4 நிறுவனப் பாதை

நுண்ணுயிர் ஆய்வு இந்தியாவில் களத்துக்குப் போகாது என்ற எண்ணம் தவறு. லோதி சாலையில் இயங்கும் டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் என்ற பாக்டீரியாக் கலவை, எண்ணெய்க் கசிவுகளைச் சுத்திகரிக்கும் பணிகளில் பயன்பட்டுவருகிறது. பூஞ்சைக்கும் அதே பாதை திறந்திருக்கிறது. மாசுபட்ட நிலங்களை அடையாளம் கண்டு, பொறுப்பானவர்களின் செலவில் சீரமைக்க வழிசெய்யும் விதிகளை 2025 ஜூலையில் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த விதிகளின் கீழ் ஏற்கப்படும் முறைகளில் பூஞ்சைவழிச் சீரமைப்பும் இடம்பெற வேண்டுமானால், நம்பத்தக்க இந்தியக் களத்தரவு வேண்டும். அதைத் திரட்டும் வேலை இன்றே தொடங்க வேண்டும்.

முடிவுரை

பூஞ்சைகள் கரிம நஞ்சுகளைச் சிதைக்கும் என்பதில் ஐயமில்லை. உலோகத்தைப் பிடித்து வைக்குமே தவிர அழிக்காது, உப்பைத் தீண்டாது. நிலத்தில் அவற்றின் திறன் உணவு, வெப்பம், ஈரம் ஆகியவற்றைப் பொறுத்தது. இந்த எல்லைகளை மறைத்துப் பேசுவோர் இத்துறைக்கு நன்மை செய்வதில்லை.

ஆற்றில் நஞ்சு கலக்காமல் தடுப்பதே முதல் கடமை. எந்தப் பூஞ்சையும் அதற்கு மாற்றாகாது. ஆனால் ஏற்கெனவே மண்ணிலும் வண்டலிலும் சேர்ந்துவிட்ட நஞ்சை என்ன செய்வது என்ற கேள்விக்கு, செலவு குறைந்த, உள்ளூரில் கிடைக்கும் விடைகளில் ஒன்று காளான் பண்ணைகளின் பின்புறத்தில் வீணாகக் கிடக்கிறது. சோலனில் அறிவு இருக்கிறது, ஹௌஸ் காஸில் ஆய்வகம் இருக்கிறது, சோனிபத்தில் மூலப்பொருள் இருக்கிறது, பாராபுல்லாவில் களம் இருக்கிறது. இந்நான்கையும் இணைக்கும் பொறுப்பைத் தில்லி அரசும் மாநகர நிர்வாகமும் ஏற்க வேண்டும். தமிழ்நாட்டிலும் காளான் பண்ணைகளும் சாயப்பட்டறைகளும் அருகருகே இருக்கும் மாவட்டங்களில் நம் பல்கலைக்கழகங்கள் இதே சோதனையை, இதே கண்டிப்பான அளவுகோலோடு நடத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள்.